ஒரு மழை பார்க்கட்டும்

ஏணியின் ஒரு முனை அண்ணனின் கையில் இருந்தது. மறுமுனையை அவள் விடவில்லை.

"விடு."

"நீ விடுண்ணா."

கூடத்துக் கூரையிலிருந்து படுக்கைவாட்டில் தொங்கும் மர ஏணி அது. அதன் படிகளில் விளக்குகள் தொங்கின. ஒன்றுக்கு அலுமினியச் சல்லடை தொப்பி, ஒன்றுக்கு மண்ணெண்ணெய்ப் புனல், ஒன்றுக்குக் கைப்பிடி போன வாளி. அண்ணன் ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்திருந்தான். ஏணி சரிந்ததும் விளக்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் உள்ளறையிலிருந்து ஓடி வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள்.

உள்ளறையில் அக்கா கிடந்தாள். விடியும் நேரத்தில் மூச்சு நின்றது. டாக்டர் வந்து, பார்த்து, எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள்தான் அக்காவுக்கு முகம் துடைத்தாள், தலை வாரினாள், வெளுத்த நீலப் புடவை ஒன்றைக் கட்டிவிட்டாள். இனிக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அண்ணன் கூடத்தைக் கலைக்க ஆரம்பித்துவிட்டான்.

"கொஞ்ச நேரத்துல ஆளுங்க வந்துடுவாங்க," என்றான் அண்ணன். "எங்க மேனேஜர் வர்றார். வந்து எதைப் பார்ப்பார்? தலைக்கு மேல ஏணி, உக்கார டயரு. கூடப் பிறந்த ரெண்டு பேரையும் குப்பைல குடி வெச்சிருக்கான்னு நினைக்க மாட்டாரா?"

"நினைச்சுட்டுப் போகட்டும்."

"உனக்கென்ன, சொல்லிட்ட. நாளைக்கு அவர் மூஞ்சியில நான்ல முழிக்கணும்."

அண்ணி சுவரோரம் நின்றிருந்தாள். அந்த வீட்டுக்குள் வந்தால் எதிலும் படாமல் நிற்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. "மீட்டரக்கா வீட்டுக்கு வர்றதுன்னா ஊசி போட்டுக்கிட்டுத்தான் வரணும்னு நான் அப்பவே சொல்வேன்," என்றாள். "எங்க ஆணி இருக்கு, எங்க தகரம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் அண்ணி. எல்லாத்தையும் நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அது உண்மைதான். அக்கா ஆணி அடிக்கும்போது பலகையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வேலைவிட்டு வந்தால் அக்காவுக்கு எடுபிடி. அவளுக்கு அந்தக் கண் கிடையாது. சல்லடையைப் பார்த்தால் சல்லடையாகத்தான் தெரியும். அக்காவுக்கு அப்படியில்லை.

அக்கா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கு எடுப்பவள். ஊரே அவளை மீட்டரக்கா என்றது. வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மீட்டர் எப்போதும் வீட்டின் அழகான பக்கத்தில் இருப்பதில்லை. மாடிப்படிக்குக் கீழே, கொல்லைச் சுவரில், குளியலறைக்குப் பின்னால் இருக்கும். ஊரின் முதுகை முழுக்கப் பார்த்தவள் அக்கா ஒருத்திதான். "இன்னைக்கு ஒரு பச்சை பார்த்தேன்டி," என்று வந்து சொல்வாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயில் படாத சுவரில் பாசியும் பழைய சுண்ணாம்பும் சேர்ந்து உண்டான பச்சை. பெயிண்ட் கடைக்காரருக்கு அதை விளக்கி, கலக்கவைத்து, சரியில்லை என்று திருப்பி, மறுபடி கலக்கவைத்து, கடைசியில் சமையலறைக் கதவுக்கு அதைப் பூசினாள். ஒரு சந்தில் வெற்றுப் புட்டிகளைச் சாளரக் கம்பிகளுக்கு நடுவே யாரோ செருகி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து குளியலறைச் சாளரத்துக்கு அதே மாதிரி செய்தாள். காலையில் குளிக்கப் போனால் முதுகில் பழுப்பு வெளிச்சம் விழும்.

தெருவில் கிடைத்த எதையும் அக்கா உடனே வீட்டுக்குள் விடமாட்டாள். வாசல் வராந்தாவில், சாரல் அடிக்கும் ஓரமாக நிறுத்திவைப்பாள். "ஒரு மழை பார்க்கட்டும், ஒரு வெயில் பார்க்கட்டும். இளிக்கிறது இளிச்சிடும். நிக்கிறது எங்க நிக்கணும்னு அதுவே சொல்லும்." அந்த வீட்டில் மழை பார்க்காத பொருள் கிடையாது.

ஒன்றே ஒன்றைத் தவிர.

கூடத்தின் சாளர மூலையில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருந்தது. அரக்கு நிறம். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. சில வருடங்களுக்கு முன் அண்ணன் வாங்கி அனுப்பியது. "இனிமேலாவது மனுஷங்க உக்கார்ற மாதிரி வீட்டை வைங்க," என்று போனில் சொல்லியிருந்தான். அக்கா மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல சோபாவை வராந்தாவின் சாரல் ஓரத்தில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் பார்த்து மழை; நனைந்தது பிளாஸ்டிக் உறை மட்டும்தான். அன்றைக்கே பார்த்து அண்ணனும் அண்ணியும் சோபா எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார்கள்.

"நான் வாங்கிக் குடுத்ததை வேணும்னே நனைய விட்டிருக்கா," என்று அண்ணன் தெருவில் நின்று கத்தினான். அக்காவுக்கு அவன் ஏன் கத்துகிறான் என்றே புரியவில்லை. "எல்லாத்தையும்தானேடா வெக்கிறேன்," என்றாள். அந்தப் பதில் அவனை இன்னும் கிளப்பிவிட்டது. பிறகு அவன் வெகுநாள் இந்தப் பக்கம் வரவில்லை. சோபா உள்ளே வந்து அந்த மூலையில் உட்கார்ந்தது. அக்கா அதன் மேல் உட்காரவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. தினமும் பிளாஸ்டிக்கைத் துடைத்தாள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"வந்துட்டான்," என்றான் அண்ணன். "பழைய சாமான் எடுக்கிறவனுக்குப் போன் பண்ணியிருந்தேன். எல்லாத்தையும் ஏத்திடலாம். நீ முதல்ல இதை விடு."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான். இனிமே இதை யார் கட்டிக்காக்கிறது? நீ தனியா எத்தனை நாள் இந்தத் தகரத்தோட மல்லுக்கு நிப்பே?"

அவளுக்குக் கை கடுத்தது. ஆனால் இப்போது யார் விட்டாலும் ஏணி ஆடி விளக்குகள் நொறுங்கும். அது அவனுக்கும் தெரியும் என்பதால் அவனும் விடவில்லை. இருவரும் ஏணியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, வண்டிக்காரர் உள்ளே வந்தார். அக்கா தெருவில் கண்டெடுத்ததை வண்டியில் கொண்டுவந்து போடுபவர் அவர்; அன்று துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேராக உள்ளறைக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். பிறகுதான் இவர்களைப் பார்த்தார்.

"என்ன, கயிறு அறுந்துடுச்சா?" என்று மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏறி, அண்ணன் அவிழ்த்த முனையை வாங்கி, கூரை வளையத்தில் கோத்து இறுக்கினார். "இந்த முடிச்சு இப்படிச் சும்மால்லாம் அவிழாதே," என்றார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நான்தான் போன் பண்ணேன். கூடத்துல இருக்கிற உபயோகமில்லாத சாமானையெல்லாம் ஏத்தணும். ஆளுங்க வர்றதுக்குள்ள."

"நீங்களா பேசினது?" வண்டிக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "சரி சார். எது எதுன்னு கை காட்டுங்க. இங்க எனக்குக் குழப்பம் வரும்."

அண்ணன் பெஞ்சைக் காட்டினான். கதவுப் பலகையில் செய்த பெஞ்சு. அதில் அடுத்த வீட்டு டீச்சர் எப்போதோ வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டயர் முக்காலியைக் காட்டினான். அதன் மேல் தண்ணீர்க் குடமும் தம்ளர்களும் இருந்தன. சுவரைக் காட்டினான். சுவரில் பாத்திரக் கடையின் பழைய இழுப்பறைகள் அலமாரியாக அடித்திருந்தன. அவற்றில் வீட்டின் துணி, மருந்து, சாவி எல்லாம் இருந்தன. அவன் கை நின்ற இடத்திலெல்லாம் ஏதாவது நடந்துகொண்டிருந்தது.

"நான் காட்டுறேன்," என்றாள் அவள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அந்த சோபா."

அண்ணி சுவரோரத்தை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"ஏய், அது நான் வாங்கிக் குடுத்தது," என்றான் அண்ணன்.

"குடுத்தாச்சுல்ல? அப்ப எங்களுது. அக்காவும் போயிட்டா, இப்ப என்னுது. உபயோகமில்லாததைத்தானே ஏத்தச் சொன்னே? இந்த வீட்டுல யாரும் உக்காராத சாமான் அது ஒண்ணுதான்."

"செத்த வீட்டுல வம்பு பண்றியா?"

"ஏணியை அவுத்தது நான் இல்ல."

"மேனேஜர் எதுல உக்காருவார்?"

"அவருக்கும் எல்லாரையும் மாதிரிதானே இடுப்பு மடங்கும்? பெஞ்சுல உக்காருவார். இல்லாட்டி நிப்பார். அக்காவைப் பார்க்க வர்றவங்க அக்கா வீட்டைப் பார்க்கட்டும். அவ என்னமா இருந்தாளோ அப்படித்தான் போவா. இதுல ஒரு ஆணியைப் பிடுங்கணும்னாலும் என்னைத் தாண்டித்தான் பிடுங்கணும்."

குரல் உயரவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும்போது பேசுகிற அதே குரல்தான். அண்ணன் மனைவியைப் பார்த்தான். அண்ணி கூரையைப் பார்த்தாள். டீச்சர் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

வண்டிக்காரர் தயங்கினார். "எங்க இறக்கட்டும்?"

"உங்க வீட்டுல. பிளாஸ்டிக்கைப் பிரிச்சுட்டு உக்காருங்க."

சோபா வாசலைத் தாண்டச் சங்கடப்பட்டது. ஒருக்களித்து, தூக்கி, மறுபடி ஒருக்களித்தார்கள். ஒரு பக்கத்தை அவளே பிடித்தாள். கடைசியில் மாட்டிக்கொண்ட காலை விடுவிக்க அண்ணனும் கைகொடுக்க வேண்டியிருந்தது. "திருப்பு, திருப்பு, அந்தப் பக்கம்," என்று அவன்தான் சொன்னான். வண்டியில் ஏறியதும் அதன் மேல் முதல் தூறல் விழுந்தது.

அக்காவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஏணிக்குக் கீழே கிடத்தினார்கள். அவள் எல்லா விளக்குகளையும் போட்டாள். "பகல்ல எதுக்கு லைட்டு?" என்றாள் அண்ணி. "கரண்ட் பில்லை நான் கட்டிக்கிறேன்," என்றாள் அவள்.

ஆட்கள் வந்தார்கள். அண்ணன் நினைத்ததைவிட அதிகமான ஆட்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொல்லைப்பக்கமாக வந்து மீட்டர் பார்த்துவிட்டுப் போனவளின் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தவர்கள். முதலில் அக்காவைப் பார்த்தார்கள். பிறகு கண் அலைந்தது. மாவு மில்காரரின் மனைவி சமையலறைக் கதவுக்கு முன் நின்றுவிட்டாள். "இது எங்க தொட்டிச் சுவர் கலராச்சே. மறைக்கணும்னு நான் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்." இன்னொரு பெரியவர் பெஞ்சின் ஓரத்தைத் தடவி, "இந்தத் தாழ்ப்பாள் துளை எங்க மாடிக் கதவுது. ராஸ்கல், தூக்கிப் போட்டதைத் தூக்கிட்டு வந்துட்டா," என்று சிரிக்க ஆரம்பித்து அழுதார். ஒருவர் உதட்டைப் பிதுக்கி, "ரெண்டு பேர் சம்பளம் வருது, நல்லதா நாலு நாற்காலி வாங்கக் கூடாதா?" என்று மெதுவாகச் சொன்னது அவளுக்கும் கேட்டது. அவரிடம் போய், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். தம்ளரை டயர் மேலிருந்துதான் எடுத்துக் கொடுத்தாள்.

மேனேஜர் வந்தார். அவருக்குக் கிடைத்தது நூல் கண்டு உருளையில் செய்த முக்காலி. உட்கார்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் முகம் வெளுத்தது.

"அது மட்டும் ஆடும் சார்," என்றாள் அவள். "அக்காவுக்குக் கடைசி வரைக்கும் சரியா வரல. வலது பக்கமா அழுத்தி உக்காந்தா நிக்கும்."

மேனேஜர் வலது பக்கமாக அழுத்தி உட்கார்ந்தார். நின்றது. பிறகு அவர் எதையும் கவனிக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அண்ணனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். போகும்போது, "இவங்க என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார்.

அண்ணன் "மீட்டர்…" என்று ஆரம்பித்தான். பிறகு கையை நீட்டி, கூடத்தை ஒரு வட்டமாகக் காட்டினான். மேனேஜருக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குமேல் அக்காவை எடுத்துக்கொண்டு போனார்கள். அவளும் கூடவே போனாள். எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. தூறல் விட்டிருந்தது. கூடத்தில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

அண்ணனுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பெஞ்சுக்குப் போய், நின்று, கடைசியில் உட்கார்ந்தான். அண்ணி சோபா இருந்த மூலைக்குப் போனாள். அங்கே தரையில் நாலு கால் தடமும் நடுவே கொஞ்சம் தூசியும்தான் இருந்தன. அவள் முந்தானையால் தட்டிவிட்டு, வெறுந்தரையில், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.



"இங்க காத்து வருது," என்றாள் அண்ணி.

தங்கை எழுந்து போய்ப் பார்த்தாள். சாளரத்தின் கீழ்க்கதவு. சோபாவின் முதுகு அதை மறைத்துக்கொண்டு நின்றதால் இத்தனை நாளாக மேல்கதவை மட்டும் திறந்து மூடியிருக்கிறார்கள். கீழ்க்கதவின் இடுக்கில் கையை வைத்தால் ஈரக்காற்று குத்தியது. கொக்கியை எடுத்துத் தள்ளினாள். மழைக்கு ஊதியிருந்த மரம் அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், அவள் கைக்கு மேலே தன் கையை வைத்து அழுத்தினான்.

கதவு முனகிக்கொண்டு திறந்தது. அண்ணியின் நெற்றியில் முடி பறந்தது. அவள் அதை ஒதுக்கிக்கொள்ளவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.