ஏலே என்ற மூன்றாம் நபர்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. என் கற்பனை என்று பெருமையடித்துக்கொள்ள வழியில்லை. படிவத்தின் ஒன்பதாவது கேள்வி: 'ஏலே* என்ற மூன்றாம் நபர் யார்? அவரைக் காக்பிட்டுக்குள் அனுமதித்தது யார்?'

என் அக்காள் மகள் ஜெனிலா ஜெட் விமானத்தில் துணை விமானி. போன மாதம் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது கேப்டன் மயங்கி முன்னால் சரிந்தார். விமானத்தைத் தானாக ஓட்டிக்கொண்டிருந்த கருவி விட்டுப்போய், எச்சரிக்கை மணி அலற, விமானம் மூக்கைக் கவிழ்த்தது. ஜெனிலா அவரை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளி, மறுகையால் விமானத்தை நிமிர்த்தினாள். பணிப்பெண் வந்து அவரை இருக்கையோடு இறுக்கிக் கட்டினாள். ஜெனிலா இருபத்திரண்டு நிமிடம் தனியாக ஓட்டி, நூற்று எழுபத்துநான்கு பேரையும் தரையிறக்கினாள். (யாரும் சாகவில்லை. கேப்டனும் தேறிவிட்டார். உங்களைக் கடைசிவரை தவிக்கவிடும் கெட்ட பழக்கம் எனக்கில்லை.)

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. காக்பிட் ஒலிப்பதிவில் அவள் பதினோரு முறை யாரையோ 'ஏலே' என்று கூப்பிட்டிருக்கிறாள். தட்டச்சு செய்தவருக்குத் தமிழ் தெரியாது; அதை ஓர் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். சரியான பதில் போகும்வரை அவள் பறக்கக் கூடாது.

"மாமா, நீங்கதான கத எழுதுதிய. ஒரு வரி எழுதித் தாங்க" என்று படிவத்தோடு தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள்.

* எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையை உரிமையோடு கூப்பிடுவது. பெண்பிள்ளை என்றால் ஏளா. பெரியவர்களை அப்படிக் கூப்பிட்டால் அடி விழும்.

2

மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்—

"மேகமே இல்ல மாமா. பளிச்சுன்னு இருந்துச்சு."

மரணம் அவளருகே வந்து அமர்ந்தபோது—

"பக்கத்துல கேப்டன்தான் இருந்தாரு. அவரத் தள்ளுததுக்குள்ள எனக்குச் சீவன் போயிட்டு."

"ஏளா, பயந்தியா?"

"பயப்பட எங்க நேரம்? எறங்கினப்பொறவு காலு ரெண்டும் கெடந்து ஆடிச்சு."

இதைத்தான் முதல் வரியாக வைத்திருக்க வேண்டும். இப்போது இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டோம்.

3

ஏலே என்று ஒருவன் வேண்டுமே. பெரியதாழைக் கடலில் மூழ்கிப்போன தம்பி ஒருவனை உண்டாக்கினேன். ஆபத்தில் அக்காள் அவனைக் கூப்பிடுகிறாள். எழுதியதை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன். அந்த நேரம் பார்த்து அவளுடைய நிஜத் தம்பி டிக்சன் முந்திரி மக்ரூன் டப்பாவோடு வந்து, தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டான்.

"என்னைய எதுக்கு மாமா கொல்லுதிய? செல்போன் கடைய ஒழுங்காத்தான நடத்துதேன்!"

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். மக்ரூன் நன்றாக இருந்தது.

4

அலறிய எச்சரிக்கை மணியையா கூப்பிட்டாள்? 'கத்தாதலே, வாரேன்' என்று பதிவில் இருக்கிறது. விமானத்தையா? 'நிமிருலே, நிமிரு' என்றும் இருக்கிறது. தன்னையே என்றால் ஏளா என்றல்லவா வர வேண்டும்? கேப்டனாக இருக்கவே முடியாது, அவருக்கு ஐம்பத்தாறு வயது—

(மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை. கேப்டனே ஜெனிலாவின் போனில் வந்துவிட்டார்.)

வடக்கத்திக்காரர். ஆங்கிலத்தில் பேசினார். மயக்கத்தில் யாரோ ஏலே, ஏலே என்று கூப்பிடுவது காதில் விழுந்துகொண்டே இருந்ததாம். "அந்த ஏலே நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் அதையே எழுதினால் திங்கட்கிழமை பறக்கலாம். சரிதானே?"

ஜெனிலா போனைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். 'கத்தாதலே' என்றதையும் சேர்த்து அந்த மனிதர் தன் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பதினோராவது ஏலே இருக்கிறது. விமானம் நின்று, மணி ஓய்ந்து, கேப்டனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு பதிவானது: 'ஏலே, வந்துட்டோம்லே.'

அப்போது காக்பிட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

"இது யாருகிட்டளா சொன்ன?"

"யாருகிட்டயாச்சும் சொல்லணும்லா மாமா."

பத்து ஏலேக்களுக்குக் கேப்டன் பெயரை எழுதிவிட்டேன். பதினொன்றுக்கு எதிரே ஒரு வரி காலியாக இருக்கிறது. பேனாவைப் பிடியுங்கள், நீங்களே எழுதுங்கள். ஜெனிலாவைக் கேட்டுப் பயனில்லை. அவள் உள்ளே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.