முழங்கால் அளவு

பழைய வெள்ளத்தின் உயரத்தை எங்கள் பேரிடர்த் துறையில் யாரையும் வாயால் சொல்ல விடுவதில்லை. வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு முழம் கூடும். சுவருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, "தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு, தொட்டுக் காட்டுங்க" என்போம். தொட்ட இடத்தில் சாக்பீஸ் கோடு, அப்புறம் டேப். அந்தச் சமயத்தில் அங்கே இருந்த மூன்று பேர், ஒருவர் காட்டியது மற்றவருக்குத் தெரியாமல், கிட்டத்தட்ட ஒரே உயரத்தைத் தொட்டால்தான் அது எங்கள் பதிவில் ஏறும். இரண்டு பேர் மட்டும் தொட்டால் அது வதந்தி.

பள்ளத் தெருவுக்கு இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். தையல்கார அம்மா தன் கடைச் சுவரில் எக்கித் தொட்டார். ஏழடி இரண்டு அங்குலம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறித் தொட்டார். சரியாக ஏழடி. மூன்றாவது ஆள் என் அக்கா. அன்றைக்கு அங்கே இருந்த மற்ற பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது ஊரைவிட்டே போய்விட்டார்கள். அக்கா எங்கே போகப் போகிறாள் என்ற தைரியத்தில் அவளைக் கடைசியாக வைத்திருந்தேன்.

மூன்று கோடும் சேர்ந்தால் வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பாகும்; ஒன்று குறைந்தாலும் தடை எதுவும் இல்லாத மஞ்சள்தான். சிவப்பானால் சைரன் வரும், மேட்டில் தங்குவதற்கு ஒரு கட்டடம் வரும், பள்ளத்தில் புது வீடு கட்ட அனுமதி கிடைக்காது. நாற்பது குடும்பங்கள் தூக்கத்தில் மாட்டிக்கொள்ளாது. இது அலுவலகத்துக்கான காரணம். என் காரணம் வேறு. பழைய பதிவேட்டில் அந்த வருடத்துக்கு நேரே "கனமழை. உயிர்ச்சேதம் இல்லை" என்று இருக்கிறது. என் அப்பா அவர்கள் கணக்கில் உயிர் இல்லை போலிருக்கிறது.

எனக்கு அப்போது ஐந்து வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அப்பா ஓட்டைப் பிரித்து எங்களைக் கூரைமேல் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டு மாட்டை அவிழ்த்துவிட இறங்கினார். மாடு நீந்திக் கரையேறிவிட்டது. அப்பாவை மூன்றாம் நாள் வாய்க்காலில் எடுத்தார்கள். எடுத்த இடத்தை வைத்து "வாய்க்காலில் தவறி விழுந்து மரணம்" என்று இறப்புச் சான்றிதழில் எழுதி வேலையை முடித்துக்கொண்டான் யாரோ ஒரு புண்ணியவான். முப்பத்தைந்து வருடமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அக்காவும் கூடச் சேர்ந்து திட்டுவாள்.

சொந்தக்காரர்களிடம் நான் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. அதனால் சர்வேயர் கேட்பார், நான் எழுதுவேன். சாட்சி சொன்னதைச் சொன்னபடியே எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும்.

அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஓடு போய் கான்கிரீட் வந்துவிட்டது, சுவர் பழசுதான். ஏழு மாத வயிற்றோடு அவள் மகள் சோபாவில் உட்கார்ந்து தரைக்கல் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்து மனையில் அவளுக்கு வீடு கட்ட செங்கல்லும் மணலும் வந்து இறங்கியிருந்தன. அனுமதிதான் வரவில்லை.

"தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சும்மா? தொட்டுக் காட்டுங்க" என்றார் சர்வேயர். டேப்பை அவர் தலைக்கு மேல் உயர்த்தி வைத்திருந்தார்.

அக்கா சுவரருகே போனாள். குனிந்தாள். முழங்காலுக்கு நேரே தொட்டாள்.

"இவ்வளவுதான் சார். சும்மா மழைத்தண்ணி. காலையில வந்துச்சு, சாயங்காலமே வடிஞ்சிருச்சு."

"அக்கா!" என்றேன்.

"மேடம், நீங்க எழுதுங்க" என்றார் சர்வேயர். அவரைக் குறை சொல்ல முடியாது. அக்காவிடம் திரும்பினார். "உங்க அப்பா அந்த வெள்ளத்துலதான் போனார்னு சொல்றாங்களேம்மா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெள்ளம் எங்க சார் வந்துச்சு? அப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாரு. வாய்க்கால் ஓரமா வந்தவரு தடுமாறி விழுந்துட்டாரு. சர்டிபிகேட்லயே இருக்கே."

அப்பா பீடிகூடத் தொட்டதில்லை. விருந்துக்குப் போன இடத்தில் சோடா கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் இவள்தான். என் அப்பாவை எனக்குத் தெரிந்ததெல்லாம் இவள் சொல்லித்தான். எழுதினேன். சான்றிதழில் எழுதிய அந்தப் புண்ணியவான்கூட "தவறி விழுந்து" என்றுதான் எழுதினான். "குடிச்சிருந்தாரு" என்பதை அப்பாவின் மகளே எழுத வேண்டியிருந்தது.

பிறகு அதை நான் உரக்க வாசித்தேன். ஒரு வார்த்தை விடாமல்.

"சரியா இருக்காம்மா?" என்றார் சர்வேயர்.

"சரியா இருக்கு" என்று அக்கா கையெழுத்துப் போட்டாள்.

"தாத்தா குடிப்பாராம்மா? நீ சொன்னதே இல்லையே!" என்றாள் மகள்.

"பெருமையா சொல்லிக்கிற விஷயமாடி அது?"

"சித்தி, நிஜமாவா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உன் தாத்தா ஒரு சொட்டு தொட்டதில்லடி. தண்ணி இதோ, இங்க நின்னுச்சு" என்று தலைக்கு மேலே சுவரில் ஓங்கித் தட்டினேன்.

"சித்திக்கு அப்ப அஞ்சு வயசு" என்றாள் அக்கா, அலட்டிக்கொள்ளாமல். "அந்த உயரத்துக்கு வாளித் தண்ணியே வெள்ளந்தான்."

மகள் சிரித்துவிட்டாள். மறுபடி தரைக்கல் படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வாசல்வரை அக்கா பின்னாலேயே வந்தாள். "கோச்சுக்காதடி. இந்த வீடு கட்டுறது நின்னுபோச்சுன்னா கைக்குழந்தையோட அவ எங்க போவா? ஒரு தடவை வந்தது திரும்ப வந்தே தீரணுமா? அப்பா இருந்திருந்தா பேத்திக்காக அவரே இதைத்தான் சொல்லியிருப்பாரு."

"அப்பா இருந்திருந்தா நான் உன்கிட்ட வந்திருக்கவே மாட்டேன். அவரையே தொட்டுக் காட்டச் சொல்லியிருப்பேன்."

அவள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த சர்வேயரிடம் கேட்டாள்.

"சிவப்பு வராதுல்ல சார்?"

"ரெண்டு பேர்தானேம்மா. மஞ்சள்தான்."

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்தது. என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்டி."

"வேண்டாம்க்கா, வேலை இருக்கு" என்றேன். அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.