சேற்றில் தயங்கிய ஒலி

மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வந்த சேறு, தாம்பரத்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயில் இருந்தது. பக்கத்துக் குழாயில் கடல்நீர். இரண்டிலும் ஒலியைச் செலுத்தினால் சேற்றில்தான் தாமதமாகக் கடக்கிறது என்று ஆராய்ச்சி மாணவி பியூலா பலமுறை கண்டிருந்தாள். பேராசிரியர் சாம்பசிவன் நம்பவில்லை.

"கெட்டியான பொருள்ல சவுண்ட் வேகமா போகும்மா. நேர்ல காட்டு, அடுத்த ஆராய்ச்சிக் கப்பல்ல உனக்கு இடம்."

இன்று காலை காட்டினாள். திரையில் சேற்றின் அலை முந்திக்கொண்டது.

"பார்த்தியா?" என்றார் அவர். "சாயங்காலம் கப்பல்ல போறவங்க பேரைக் கொடுக்கணும்."

"அதுவரைக்கும் டைம் கொடுங்க சார்."

பியூலா கண்களை மூடி ஜெபித்தாள். பிறகு கருவிகளைச் சோதித்தாள், பழுதில்லை. காலையில் குழாயை நிரப்பிய கடல்நீர் கேனைத் திறந்து ஒரு துளியை நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் எல்லம்மா. அங்கே வந்துபோகும் வேறு ஆள் அவள்தான்; பியூலாவுக்குக் கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"சாப்டீங்களாக்கா? இந்தக் கேன்ல தண்ணி மாத்தினது யாருன்னு தெரியுமா?"

"நான்தாம்மா. வாயில வெச்சேன், ஒரே உப்பு. நம்ம பொண்ணு இத்தையா குடிக்குதுன்னு கொட்டிட்டேன். தண்ணி லாரிகிட்ட அடிச்சிப் புடிச்சி கொண்டாந்த நல்ல தண்ணிம்மா!"

பியூலாவுக்கு எல்லாம் விளங்கியது. நல்ல தண்ணீரில் ஒலி, கடல்நீரைவிட மெதுவாகப் போகும். அதனால்தான் சேறு முந்தியது. அவள் அதட்டியிருந்தால் எல்லம்மா பயந்து வாய் திறந்திருக்க மாட்டாள்.

"கடல் தண்ணி வேணும்க்கா, இப்பவே."

"அதுக்கின்னா? கோவளம் போலாம் வா. நானே தூக்கினு வரேன்."

திரும்பும் பஸ்ஸில் எல்லம்மா கையிலிருந்த கடல்நீர்க் குடத்தை நடத்துநர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, கடலையே வூட்டுக்கு எடுத்துகினு போறியா?"

"மீன நீ பார்சல் அனுப்பு!" என்றாள் எல்லம்மா.

பஸ்ஸே சிரித்தது. நடத்துநர் தன் இருக்கையை விட்டு எழுந்து, குடத்தை மடியில் வைத்துக்கொள்ள அவளை உட்காரச் சொன்னார்.

மாலையில் ஆய்வுக்கூடத்தில், குழாயில் நிரப்பிய நீர் அறைச் சூட்டுக்கு வந்ததும், சாம்பசிவன் முன்னால் பியூலா பொத்தானை அழுத்தினாள். கடல்நீரின் அலை முதலில் எழுந்தது. சேற்றின் அலை பின்னால் வந்தது.

"மறுபடி," என்றார் சாம்பசிவன். மறுபடியும் அதுவே.

"இந்தச் சேறு முக்கால்வாசி தண்ணிதான் சார். களிமண் எடையைக் கூட்டுது, விறைப்பைக் கூட்டல. அதான் ஒலி தயங்குது."

அவர் திரையில் இரண்டு அலைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியை விரலால் அளந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தபடி தொலைபேசியை எடுத்தார்.

"கப்பலுக்கு ஒரு பேர் சேர்த்துக்குங்க. பியூலா."

எல்லம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள்.