பதினைந்தாம் நம்பர் மலைக் குறுக்குப்பாதை

பதினைந்தாம் நம்பர் தேயிலை மலையின் குறுக்குப்பாதையில் முள்ளுக்கம்பியைப் பார்த்த அன்றைக்கே விதுஷாவுக்கு உள்ளே எல்லாம் மரத்துப் போய்விட்டது. அவள் ஓடவிருந்த மாகாண மலையோட்டப் போட்டிக்கு மூன்றே வாரம். பதுளை ரோட்டில் ஓடலாமென்றால், பஸ்காரன்கள் ஆளை அடித்துப் போட்ட பிறகுதான் ஹோர்ன் அடிப்பார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து உச்சிக்கு அந்த ஒற்றையடிப்பாதை ஒன்றுதான் ஏற்றம். தேயிலையைப் பிடுங்கிப் போஞ்சிக் கொடி நட்ட குத்தகை முதலாளி, அதற்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்.

மூன்று தலைமுறை நடந்த பாதை ஐயா அது! பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், செத்தவர்களைச் சுமந்து போனதும் அதில்தான். எவரும் எவரிடமும் கேட்டதில்லை.

பாதையைத் திறந்துவிடக் கேட்டு முதலாளிக்குக் கடிதம் எழுத விதுஷா உட்கார்ந்தாள். அப்பா ஜெயகுமார் பக்கத்தில் நின்றார்.

"மொட்டையா எழுதாத புள்ள. மொதல்ல நன்றி சொல்லு, அப்புறமா கேளு. தொரைமாருக்கு எழுதுற மொறை அதுதான்."

கூரைத் தகரத்துக்கும் லீவுக்கும் லயத்தார் காலங்காலமாகத் தோட்டத் துரைகளுக்கு எழுதிய மாதிரியே எழுதினாள். ஐம்பத்திரண்டு வீட்டாரும் கையெழுத்து வைத்தார்கள். கடிதம் முதலாளிக்குப் போனது.

அவர் அசையவில்லை. பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள், விசாரணை வந்தது.

"யாரையும் கேக்காமத்தானே இத்தன வருசம் நடந்தீங்க?" என்றார் காணி அதிகாரி. "அப்ப பொதுப்பாதைதான்."

"ஆமாங்க," என்றார் அப்பா. முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

முதலாளி அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அதிகாரி சத்தமாகவே வாசித்தார்: 'தாங்களும் தங்களுக்கு முன்னிருந்தவர்களும் பெரிய மனது வைத்துத் தந்த அனுமதியின் பேரிலேயே இதுநாள்வரை நடந்து வந்தோம்.'

"அனுமதி வாங்கி நடந்தா அது உரிமையில்லையேம்மா. யாரு எழுதினது?"

"நாந்தாங்க."

அழுகை வருமென்று பார்த்தாள். வரவில்லை. பாழாய்ப்போன பணிவு! அனுமதி கேட்டு ஒருநாளும் நடக்காதவர்கள், மரியாதைக்காக எழுதிக் கொடுத்த பொய் அது. அப்பா செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கு இரக்கம் பொங்கிவிட்டது. "புள்ள பந்தயத்துக்கு ஓடுதாமே. காலையில ஒரு மணித்தியாலம் அதுக்கு மட்டும் தெறந்து விடுறேன். மத்தவங்க ரோட்டால சுத்திப் போகட்டும்."

எனக்கு மட்டும் வேண்டாமென்று சொல்லத்தான் விதுஷா எழுந்தாள். கைகள் தாமாகக் குவிந்துகொண்டன.

"ரொம்ப நன்றிங்க ஐயா," என்றாள்.