கல்யாண பஸ்ஸில் எழுதிய தீர்மானம்

பூமி சூடாவதைத் தடுக்க வேண்டும், அதன் சுமை ஏழைகள் தலையில் விழவும் கூடாது என்று தமிழ்நாடு முழுவதிலுமிருந்து பல சங்கங்கள் சேர்ந்து 1997இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. முதல் மாநாடு பவானியில். அதற்குக் கோவையிலிருந்து வேனில் கிளம்பிய இரண்டு பெண்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாப்பாயி கிணத்துக்கடவில் தென்னை விவசாயம் செய்பவள். மழை பொய்த்துத் தோப்பில் பாதி கருகிவிட்டது. கரி எரிக்கும் சாயப்பட்டறைகளை உடனே மூட வேண்டும் என்பாள். கோட்டைமேட்டுச் சித்திகா பட்டறைத் தொழிலாளர் சங்கச் செயலாளர். மூடினால் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியாது என்பாள். மாநாட்டுத் தீர்மானத்தை எழுதும் பொறுப்பு இந்த இருவருக்கும்தான்; சண்டையில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

அவிநாசி தாண்டியதும் வேன் படுத்துவிட்டது. பின்னால் வந்த கல்யாண பஸ் நின்றது. மாப்பிள்ளையின் மாமா லட்சுமணசாமி தலையை நீட்டினார்.

"ஏனுங்க, பவானிக்குங்களா? பொண்ணூட்டுக்காரங்கதானுங்களே? ஏறுங்க!"

அவசரத்தில் பாப்பாயி தலையாட்டிவிட்டாள். இருவரையும் ஒரே சீட்டில் திணித்து, தலையில் மல்லிகை வைத்து, மடியில் லட்டுத் தட்டையும் வைத்தார்கள்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணுமுங்க?" என்றார் லட்சுமணசாமி.

"பெரியம்மாங்க," என்றாள் பாப்பாயி.

"சின்னம்மாங்க," என்றாள் சித்திகா, முக்காட்டைச் சரிசெய்தபடி.

"அதானே பாத்தேன்! அக்கா தங்கச்சி ஒரே சாடை!"

அவ்வளவுதான். சித்திகாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பாப்பாயிக்கு லட்டு புரையேறியது. கண்ணில் நீர் வரச் சிரித்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள்.

மூச்சு வாங்கியதும் பாப்பாயி கேட்டாள்: "ஏம் அம்மணி, பட்டறைய மூட வேண்டாம். கொதிகலன மாத்தறதுக்கு மொதலாளி செலவு பண்ணட்டும். மாத்தற வரைக்கும் கூலி நிக்கக்கூடாது. சரியா?"

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏனுங்க்கா சண்டைக்கு வாரேன்? ரெண்டு வருசத்துல கரி நின்னுரோணும்னும் எழுதிப்போடுங்க. எங்க ஆளுங்க நெஞ்சுலயும் அந்தப் புகைதானே போகுது."

பவானியில் இறங்கும்போது லட்சுமணசாமியிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பரவாயில்லீங்க! கூட்டம் முடிச்சுப்போட்டுப் பந்திக்கு வந்துருங்க," என்றார்.

தலையில் பூவோடு மேடையேறி, ஆளுக்கொரு வரியாகத் தீர்மானத்தை வாசித்தார்கள். மண்டபமே எழுந்து கைதட்டியது. ராமநாதபுரத்து மீனவர் ஒருவர் பெஞ்சின் மேல் ஏறி, "கூட்டமைப்புக்கு இவங்க ரெண்டு பேருமே பொறுப்பாளரா இருக்கட்டும்! அடுத்த மாநாடு எங்க ஊருல!" என்று கத்தினார். யாரும் மறுக்கவில்லை.

"ராமநாதபுரமுங்களா?" பாப்பாயி மைக் இருப்பதையே மறந்து சித்திகாவின் கையைப் பிடித்துக் குதித்தாள். "அம்மணி, நான் கடலே பாத்ததில்ல!"

"நானும்தானுங்க்கா!"

ஒலிபெருக்கி அதைப் பவானிக் கடைவீதி முழுக்கச் சொன்னது.