முழுப் பெயர்

என் கணவன் கிரிசாந்தோவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவனுக்கு முன்பே நான் இறங்கி வாசலில் கூடியிருந்தவர்களிடம் போனேன்.

"தயவுசெஞ்சு யாரும் அவனச் சிரிக்க வெச்சுடாதீங்க. வயிறு முழுக்கத் தையல்."

எங்கள் தெருவில் அது சின்ன வேண்டுகோள் இல்லை. போன புயலில் எங்கள் வீட்டுக் கூரை பறந்துபோனபோது, என் நாத்தனார் அடெல்ஃபா ஓடி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இனிமே நிலா பாக்க வெளிய வர வேண்டாம், படுத்துக்கிட்டே பாக்கலாம்" என்றாள். நனைந்த பாயில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்படிப்பட்டவர்கள் நான் சொன்னதைக் கேட்டார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

தையல் என்பது பாதிக் காரணம்தான். குடலில் இருந்த கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் என் முகம் இறுகிப் போயிருந்தது. புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அது இளகவில்லை. சத்தமாகச் சிரித்தால் மேலே இருப்பவருக்குக் கேட்டுவிடும், மனம் மாறி, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று உள்ளுக்குள் ஒரு பயம். இதை யாரிடமும் சொல்லவில்லை. தையல் என்று மட்டும் சொன்னேன்.

ஆட்கள் வந்தார்கள். பூசைக்கு வந்தவர்களைப்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். கிரிசாந்தோவோடு ஜீப்னி என்கிற குட்டிப் பஸ் ஓட்டும் சேவேரினோ, எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் என்னை மாரே என்றும் அவனைப் பாரே என்றும் கூப்பிடுபவன், பனியனைத் தவிர வேறு எதையும் போட்டு நான் பார்க்காதவன், இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான்.

"கிரிசாந்தோ, உடம்பு எப்படி இருக்கு? இந்த வருஷம் மழை சீக்கிரம் வந்துடும்போல."

கிரிசாந்தோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் சாப்பாடு குறைந்தது. இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி அவனுக்கு உயிர். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினான். பிறகு ஒரு வாய். பிறகு அதுவும் இல்லை. சாப்பிடாமல் இருந்தால் புண் ஆறாது, மறுபடி மருத்துவமனைதான் என்று டாக்டர் போனில் கண்டித்தார். நான் கெஞ்சினேன், திட்டினேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒரு நாள் மத்தியானம் கொல்லையில் துணி உலர்த்தப் போனபோது சேவல் கூண்டு காலியாகக் கிடந்தது. மகளைவிட அதிகமாக அவன் கொஞ்சி வளர்த்த சிவப்புச் சேவல்.

"சேவேரினோகிட்டக் கொடுத்துட்டேன். அவன் நல்லா பாத்துப்பான்" என்றான்.

"எதுக்கு?"

அவன் மெல்ல என் பக்கம் திரும்பினான். "ஃபெலிசா, மறைக்காம சொல்லு. டாக்டர் எத்தன நாள்னு சொன்னாரு?"

"உனக்குப் பைத்தியமா? கட்டியில ஒண்ணும் இல்லன்னு உன் காதுல விழத்தான சொன்னாரு!"

"அப்புறம் ஏன் சேவேரினோ என்கிட்ட மழையப் பத்திப் பேசறான்?"

கையிலிருந்த ஈரத்துணியைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"எங்கப்பா செத்தப்போ, பெட்டிக்குப் பக்கத்துல சீட்டாடிக்கிட்டே எல்லாரையும் சிரிக்க வெச்சவன் அவன். எனக்கு அதுகூடக் கிடையாது. பொறந்ததுலேர்ந்து நான் போட்யோக்தான், குண்டுப் பயதான். வண்டி நெத்தியிலயே அப்படித்தான் எழுதியிருக்கு. இப்ப எல்லாரும் கிரிசாந்தோ, கிரிசாந்தோங்கறாங்க. முழுப் பேர கல்லறையிலதான எழுதுவாங்க?"

அவன் கண்களில் இருந்த பயத்தை அப்போதுதான் பார்த்தேன். அது என்னுடைய பயம். நான் வாசலில் நின்று எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுத்தது, சுற்றி வந்து அவனிடம் சேர்ந்திருந்தது.

தையலை நினைத்துக் கொஞ்சம் தயங்கினேன். பிறகு நர்ஸ் சொன்னது முழுவதும் நினைவுக்கு வந்தது. இருமினாலோ சிரித்தாலோ வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். சிரிக்கவே கூடாது என்று அவள் சொல்லவில்லை. பாதியை மட்டும்தான் என் காது வாங்கியிருந்தது. அவன் பக்கத்தில் ஒரு தலையணையைப் போட்டுவிட்டுச் சேவேரினோ வீட்டுக்கு ஓடினேன்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே, எங்களைப் பார்க்க வரப் போட்டிருந்த சட்டையின் பொத்தான்களைச் சேவேரினோ கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

"அப்பாடா! மாரே, வாயில வந்த ஜோக்கெல்லாம் முழுங்கி முழுங்கி எனக்கே வயித்துல கட்டி வந்துடும்போல இருந்துச்சு."

சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"டேய் போட்யோக்! இந்தா உன் சேவல். பொட்டக் கோழிங்களப் பாத்தாலே மூலையில போய் ஒளியுது. யாரு வளர்த்ததோ!"

கிரிசாந்தோ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் தலையணையைக் கண்ணால் காட்டினேன்.

"குடல்ல கொஞ்சம் வெட்டிட்டாங்களாமே? விடு பாரே. ரூட்டுல ஒரு ஸ்டாப் கம்மி. இனிமே சாப்பிட்டது சீக்கிரமா வந்து இறங்கிடும்."

சமையலுக்கு உதவ வந்திருந்த அடெல்ஃபாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "ஹாரன் மட்டும் அப்படியேதான் இருக்கு அண்ணே. ராத்திரியெல்லாம் பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது!"

முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். அவன் தோள்கள் குலுங்கின. தலையணையை இரு கையாலும் வயிற்றோடு கட்டிக்கொண்டான்.

"ஐயோ... வலிக்குதுடா... நிறுத்துடா நாயே..."

"நிறுத்தணும்னா பாசஞ்சர் மாதிரி கயித்த இழு, டிரைவர்!"

கண்ணீர் வழிய வழியச் சிரித்தான். சேவல் பயந்து அவன் கட்டிலிலேயே எச்சமிட்டது. அதற்கும் சிரித்தார்கள். நான் போர்வையை விலக்கித் தையலைப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

"அப்ப நான் சாகலயா?" என்றான், மூச்சு வாங்கியபடி.

"செத்தா உன் பெட்டிய எவன் தூக்குவான்? எனக்கு முதுகுவலி" என்றான் சேவேரினோ.

கிரிசாந்தோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சேவலக் கூண்டுல விடு. அது என்னோடது."

"கொடுத்தது கொடுத்ததுதான்."

"டேய்!" என்று எழுந்து உட்கார்ந்தான், யாரும் தாங்கிப் பிடிக்காமல்.

நான் சமையலறைக்குப் போய்க் கஞ்சியை அடுப்பில் ஏற்றினேன். அடெல்ஃபா பூண்டு வறுத்துக்கொண்டிருந்தாள். ஹாரன் அடிப்பதுபோல் அவள் கையால் அழுத்திக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நடுவில் கொஞ்சம் அழுதேன் என்றும் நினைக்கிறேன். அவள் ஒன்றும் கேட்காமல் என் முதுகைத் தட்டிவிட்டுப் பூண்டைக் கிளறினாள். மேலே இருப்பவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கூடத்தில் அந்தச் சேவல் யாருடையது என்ற சண்டை சூடாகியிருந்தது.

"போட்யோக்!" என்று கத்தினேன். "கஞ்சிக்கு முட்ட ஒண்ணா, ரெண்டா?"

சண்டை பாதியில் நின்றது.

"ரெண்டு!"