அக்காவின் பாதங்கள்

பள்ளிக்கூடக் கடேட் அணியில் மூன்று வருடமாக பூட்ஸ் தேய்த்தவள் ரதி. ஆனால் பட்டாளத்துக்குப் போகப்போவது அவள் அக்கா ரோகினி. பள்ளி அசெம்பிளியில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்த அதே ரோகினி சட்டம் படித்து முடித்தாள், ராணுவத்தில் வக்கீலாகச் சேர மனுப் போட்டாள், நேர்காணலிலும் தேறிவிட்டாள். மிச்சமிருந்தது திங்கட்கிழமை உடல் பரிசோதனையும் ஓட்டமும்தான்.

லாபு எஸ்டேட் முழுக்க இதே பேச்சு.

"சோல்ஜர் தப்புப் பண்ணா அவனுக்கும் கோர்ட்டு இருக்குலா மாமா. அங்க நான் பேசணும்," என்றாள் ரோகினி.

முனியாண்டி மாமா வாயைப் பிளந்தார். "அப்ப கர்னலே ஒனக்கு பதில் சொல்லணுமா ஆயி?" பிறகு ரதியைப் பார்த்துச் சிரித்தார். "நீ என்னா, அவளுக்கு பூட்ஸ் தொடைக்கப் போறியா?"

ரதிக்கு வயிறு பற்றி எரிந்தது.

நேர்காணலில் தேறினால் ரோகினி தீ மிதிப்பாள் என்று அம்மா செல்லம், மாரியம்மனிடம் வேண்டியிருந்தாள். திருவிழாவோ ஓட்டத்துக்கு முந்தின நாள். அடுத்த வருஷம் மிதிக்கட்டுமே என்று அம்மா தயங்கியபோது ரதிதான் மெல்லச் சொன்னாள்: "ஆத்தாகிட்ட சொல்லிட்டு பின்வாங்குனா நல்லா இருக்குமாம்மா? அப்புறம் வேல கெடைக்காம போயிரும்."

அது போதுமாக இருந்தது. ரோகினிக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ரதிக்குச் சோறு இறங்கவில்லை. போன திருவிழாவில் தீ மிதித்த பக்கத்து வீட்டுத் திருச்செல்வம் அண்ணனுக்குப் பாதம் கொப்பளித்து, சப்பாத்து போட முடியாமல் கிடந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை உறுமி முழங்கியது. மஞ்சள் சேலையில், தீக்குழிக்கு முன்னால் வரிசையில் நின்ற அக்கா இவளைத் தேடிக் கூப்பிட்டாள். "ரதி, ஓடறப்ப மூச்ச எப்படி விடணும்? வீட்டுக்குப் போயி சொல்லிக்குடுறி. ஒனக்குத்தான தெரியும்."

ரதி கூட்டத்தை இடித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, அக்காவ எறக்காதீங்க! அவளுக்கு ஊட்டுக்குத் தூரம். சொல்ல வெக்கப்படுறா."

செல்லம் பாய்ந்துபோய் மகளை வரிசையிலிருந்து இழுத்தாள். "அடிப்பாவி, ஆத்தா எடத்துலயா வெளையாடுற?"

ரோகினி திகைத்தாள். ரதியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆமாம்மா," என்றாள்.

கோயிலுக்கு வெளியே செம்பனை மரத்தடியில் ரோகினி தங்கையின் கையைப் பிடித்தாள்.

"பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்டி. நல்ல பொய்யி. சரி, அம்மாவ ஏத்திவிட்டது யாரு?"

ரதி கீழே கிடந்த செம்பனைப் பழத்தைக் காலால் உருட்டினாள்.

"நெனச்சேன்," என்றாள் ரோகினி.

அந்த வழியாக வந்த முனியாண்டி மாமா அக்காவின் தலையைத் தடவினார். "பரவால்லலா ஆயி. ஆஃபீசராயிட்டு வந்து மிதி. எஸ்டேட்டே தெரண்டு வந்து பாக்கும்."

ரதியை அவர் பார்க்கவேயில்லை. பொய் சொன்னது இவள், பேர் அக்காவுக்கு. அடங்கியிருந்த வயிறு மறுபடியும் எரிந்தது.

"ரெண்டு எட்டுக்கு மூச்ச இழு, ரெண்டு எட்டுக்கு விடு," என்றாள் வெடுக்கென்று. "வாயத் தொறந்து ஓடுன, கடேசியாத்தான் வருவ."